சென்னையில் விட்ட புகையிலை ஊரில் ஏன் திரும்பி வந்தது?

கேள்வி: எனக்கு 54 வயது. தஞ்சை பாபநாசம் பக்கம் விவசாயம். 30 வருடமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிறேன். சென்னையில் மகன் வீட்டில் நான்கு மாதம் இருந்தபோது ஒரு நாள்கூடத் தொடவில்லை. குறுவைக்கு ஊர் திரும்பிய மறுநாள், நாற்று பறிக்கிற ஆட்களோடு வரப்பில் உட்கார்ந்ததும் கை தானாக நீண்டுவிட்டது. எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லையா?

பதில்: ஐயா, நீங்கள் புகையிலையைச் சென்னையில் விட்டீர்கள். வரப்பில் இன்னும் விடவே இல்லை. நடந்தது அவ்வளவுதான்.

ஒரு பழக்கம் போனால் மூளையில் அதன் தடமும் அழிந்துவிடும் என்று நினைக்கிறோம். பழைய பாடம் அப்படியே கிடக்க, ‘இப்போது வேண்டாம்’ என்ற புதுப் பாடம் அதன்மேல் ஏறுகிறது, பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. மார்க் பௌட்டன் என்ற உளவியலாளர் 1979-இல் எலிகளிடம் இதைக் காட்டினார். ஒரு கூண்டில் பயத்தைக் கற்ற எலி, வேறொரு கூண்டில் அதை மெல்ல மறந்தது. பழைய கூண்டுக்குத் திரும்பியதும் பயமும் திரும்பியது. உங்கள் கதைதான்.

பழக்கத்தைச் சுமப்பது மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம். சுருக்குப்பையை அவிழ்ப்பது, காம்பு கிள்ளுவது, சுண்ணாம்பு தடவுவது எல்லாவற்றையும் அது ஒரே அசைவாகக் கட்டி வைத்திருக்கிறது. யோசனைக்கு அங்கே வேலை இல்லை. ‘வேண்டாம்’ என்பது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளையின் வேலை. எந்த இடத்தில் எந்தப் பாடம் செல்லும் என்பதை ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி எடுத்துக் கொடுக்கிறது. வாய்க்காலைத் தூர்க்கவில்லை, மதகை இறக்கியிருக்கிறீர்கள். தூக்கம் கெட்டாலோ, அறுப்பு நேரத்தில் மழை மிரட்டினாலோ மதகைப் பிடித்திருக்கும் கை தளர்ந்துவிடும்.

ஆகவே புதுப் பாடத்தை ஊரிலேயே, பழக்கம் தலைகாட்டும் இடங்களிலேயே படிக்க வேண்டும். முதல் சில வாரம் ஆட்கள் வெற்றிலை போடும் வேளையில் வரப்பை விட்டுத் தள்ளி இருங்கள். பிறகு ஒவ்வொன்றாக எதிர்கொள்ளுங்கள்: ஒரு நாள் வரப்பு, இன்னொரு நாள் டீக்கடை பெஞ்சு, அப்புறம் கல்யாணப் பந்தி முடிந்து தாம்பூலம் வரும் நேரம். பந்திதான் கடினம், கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சுருக்குப்பை இருந்த மடியில் ஏலக்காயோ உலர்ந்த நெல்லியோ இருக்கட்டும். கை போனால் வெறுங்கையாகத் திரும்பக் கூடாது.

21 நாளில் பழக்கம் மாறும் என்பார்கள், நம்பாதீர்கள். லண்டனில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் ஊன்றச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறினால் எல்லாம் போய்விடாது. பழைய பாடம் அழியாதது போலவே புதியதும் அழிவதில்லை.

“புகையிலையை விட்டுவிட்டு வெறும் சீவல் போடலாமா?” என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். பாக்கு தனியாகவே புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. 30 வருடப் பழக்கம் என்பதால் ஒருமுறை பல் மருத்துவரிடம் வாயைக் காட்டிவிடுங்கள். வெள்ளைத் திட்டு, ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்க முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே போங்கள். ஏக்கம் தாங்க முடியாவிட்டால் மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண் 1800-11-2356.