வக்கீல் கதை எழுதினால்

கேள்வி: சட்டப் படிப்பை முடித்துவிட்டேன். மனசு முழுக்கக் கதை எழுதுவதில்தான் இருக்கிறது. படித்ததெல்லாம் வீணா சார்? வேலைக்கே போகாமல் எழுத உட்கார்ந்துவிடலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: வீண் இல்லையம்மா. நானும் பதினோரு வருடம் கோர்ட்டில் நின்றவன்தான். என் முதல் சிறுகதையைப் படித்த ஆசிரியர், “நல்லா இருக்கு, ஆனா கேஸ் ஜெயிச்சுடுச்சே!” என்று சிரித்தார். கதாநாயகி மேல் யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாதபடி எல்லா ஓட்டையையும் அடைத்து வைத்திருந்தேன். மனுவுக்கு அது அழகு. கதையில் எதிர்த்தரப்புக்கும் நாமேதான் வக்காலத்து போட வேண்டும். இது எனக்குப் புரிய நாலு கதைகள் ஆயின.

கோர்ட்டில் காதுக்குத்தான் தீனி. அமெரிக்க நாவலாசிரியர் ஜான் கிரிஷம் 1981இல் சட்டம் முடித்து வக்கீலானவர். ஒரு சிறுமி கூண்டில் நின்று சாட்சி சொன்னதைக் கேட்டுத்தான் முதல் நாவலைத் தொடங்கினார். விடியற்காலையில் எழுந்து எழுதி, முடிக்க மூன்று வருடம். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பி, 1989இல் ஒருவழியாக வெளிவந்தபோது அச்சிட்டது 5,000 பிரதிகள்தான்.

ஜெர்மன் மொழியில் கதைகள் எழுதிய காஃப்கா 1906இல் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் மதியம் 2 மணி வரை வேலை, இரவில் எழுத்து. மரம் இழைக்கும் இயந்திரத்தில் விரல் போகாமல் தடுப்பது எப்படி என்று படம் போட்டு விளக்கிய அறிக்கைகூட எழுதியிருக்கிறார். எவ்வளவு விபரீதத்தையும் அலட்டாமல் சொல்லும் அவருடைய கதைக் குரல் அந்த மேஜையில் பழகியது என்பது என் கட்சி. ஆக, இப்போதைக்கு வேலைக்குப் போங்கள்.

அப்புறம், கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை மட்டும் எழுதாதீர்கள். தொழிலை விட்டாலும் ரகசியம் காக்கும் கடமை விடாது. பெயரையும் தொழிலையும் மாற்றினால் போதும் என்று நானும் நினைத்து ஒரு கதை எழுதினேன். வெளிவந்த வாரமே போன் வந்தது. “பேச ஆரம்பிக்கும் முன்னாடி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற ஆள் நான்தானே, சார்?” அவர் கோபப்படவில்லை. அந்தக் கதையை நான் எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை.