அப்பாவின் காகிதங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறுகதைகள் எழுதிய என் தந்தை சென்ற ஆண்டு காலமானார். இரண்டு தகரப் பெட்டிகள் நிறைய நாட்குறிப்புகளும் நண்பர்களின் கடிதங்களும் இருக்கின்றன. தனக்குப் பிறகு எல்லாவற்றையும் கொளுத்திவிடும்படி அம்மாவிடம் சொல்லியிருந்தாராம். நாட்குறிப்புகளில் அம்மாவைப் பற்றியே கடுமையான வரிகள் உள்ளன. எரிக்கச் சொன்ன எழுத்துகளை எரிக்காமல் வெளியிட்டாரே, எழுத்தாளர் காஃப்காவின் நண்பர், அவர் செய்தது துரோகம் என்றே எனக்குப் படுகிறது. கடிதங்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் புத்தகமாக்கலாமா? யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தின் தாள் உங்களுடையது, அதிலுள்ள வாசகம் எழுதியவருடையது. அவர் இல்லையென்றால் வாரிசுகளைக் கேளுங்கள். மற்றதை வழக்கறிஞர் சொல்வார். காஃப்காவின் அந்த நண்பர் மாக்ஸ் பிராடை நீங்கள் துரோகி என்றதைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை.

1924 ஜூனில் காஃப்கா இறந்தபின், எல்லாவற்றையும் படிக்காமலே எரித்துவிடும்படி அவர் பிராடுக்கு எழுதிய சீட்டுகள் கிடைத்தன. ஆனால் அப்படிச் செய்யமாட்டேன் என்று நேரிலேயே சொல்லியிருந்ததாகப் பிராடு எழுதியிருக்கிறார். அதன் பிறகும் காஃப்கா அந்தப் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்கவில்லை. தன் காதலி டோரா டயமண்டைக் கொண்டு சில தாள்களைத் தன் கண்ணெதிரே எரிக்கச் செய்தவருக்கு, மீதியை எரிக்க வழி தெரியாமலா போயிற்று? டோரா தன்னிடம் வைத்திருந்தவற்றை 1933இல் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ அள்ளிச் சென்றது. அவை இன்றுவரை கிடைக்கவில்லை. பிராடோ 1939 மார்ச்சில், ஜெர்மன் படை அவர் வாழ்ந்த பிராக் நகருக்குள் நுழைவதற்கு முந்தைய இரவில், அந்தக் காகிதங்களைப் பெட்டியில் சுமந்துகொண்டு ரயிலேறினார்.

பிராடு பிழை செய்தது பிற்பாடு. காகிதங்களைத் தன் செயலாளர் எஸ்தர் ஹோஃபேயிடம் விட்டார். உயிலில் ஜெருசலேம் பல்கலைக்கழக நூலகம், டெல் அவிவ் நகர நூலகம், அல்லது வேறொரு பொது ஆவணக்காப்பகம் என்று எழுதி, முடிவை அவர் கையில் கொடுத்தார். 1968இல் பிராடு மறைந்தார். காஃப்காவின் 'விசாரணை' நாவலின் கைப்பிரதி 1988இல் லண்டனில் ஏலம் போனது. மற்றவற்றில் பல வங்கிப் பெட்டகங்களில் அடைபட்டுக் கிடந்து, 2016இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகே அந்நாட்டுத் தேசிய நூலகத்துக்கு உரியவையாயின. ஓர் இடத்தின் பெயரைத் தெளிவாக எழுதாததற்கு ஆய்வாளர்கள் கொடுத்த விலை இது.

பொறுக்கியெடுக்கிறேன் என்கிறீர்களே, அது எரிப்பதைவிடச் சிறிய குற்றமென்று எண்ணாதீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் எழுத்தாளரின் குடும்பம் அச்சிடத் தகுந்தவற்றை எடுத்துவைத்துவிட்டு, மீதியைப் பழைய பேப்பர் கடைக்கு எடைபோட்டது. தகவலறிந்து நான் போனபோது கிடைத்தது ஒரே ஒரு கட்டு. துருப்பிடித்த குண்டூசி குத்திய மளிகைச் சீட்டுகளுக்கு நடுவே, பத்திரிகை திருப்பியனுப்பிய அஞ்சலட்டை ஒன்று. அதன் ஓரத்தில், நாங்களெல்லாம் கொண்டாடிய ஒரு கதையின் முடிவை மூன்று விதமாக எழுதி இரண்டை அடித்திருந்தார். எது தேவைப்படும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உ.வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைத் தரம் பார்த்துக் கழித்துக்கட்டியிருந்தால், பழந்தமிழ் நூல்கள் அச்சேறிய வரலாற்றில் எவ்வளவு இழந்திருப்போம்!

ஆகவே ஒரு தாளையும் கழிக்காதீர்கள். எந்தக் கட்டு எந்த வரிசையில் இருந்ததோ அப்படியே வைத்துப் பட்டியல் எழுதுங்கள். குண்டூசிகளை மட்டும் எடுத்துவிடுங்கள். பிறகு சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்தை அணுகிக் கேளுங்கள். அம்மாவைப் பற்றிய நாட்குறிப்புகளைத் தனியே உறையிட்டு, அவர் காலம்வரை யாரும் திறக்கக் கூடாது என்று நிபந்தனை எழுதிக் கொடுங்கள்; அதற்கு முன், அவற்றைப் படிக்க விருப்பமா என்று அம்மாவிடமே கேளுங்கள். அவரிடம் இதுவரை யாரும் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை.