கொள்ளிடக் கரையிலும் கடற்கரையிலும் நாயை அவிழ்த்து விடலாமா?

கடலூர் புதுப்பாளையத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்களிடம் இரண்டு வயது லாப்ரடார் இருக்கிறான். காலையில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் அவிழ்த்து விட்டு ஓட விடுவோம். அவ்வப்போது சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடக் கரையில் இருக்கிற மாமனார் ஊருக்குப் போவோம். தண்ணீரைக் கண்டால் இவன் இறங்காமல் இருக்க மாட்டான். 'முதலை கிடக்கும்மா, நாயை அந்தப் பக்கம் கூட்டிப் போகாதே' என்று மாமா சொல்கிறார். ஊர் நாய்கள் எல்லாம் அங்கேதானே சுற்றுகின்றன என்கிறார் என் கணவர். யார் சொல்வதைக் கேட்பது? பாம்பு கடித்தால் முதலில் என்ன செய்வது?"

மாமா சொல்வதைக் கேளுங்கள். கரையில் சுற்றுகிற நாய்களைத்தான் உங்கள் கணவர் பார்க்கிறார், போய்ச் சேர்ந்த நாய்கள் யார் கண்ணிலும் படுவதில்லை, தெரு நாய் ஒன்று குறைந்தால் அதை எண்ணிப் பார்க்கிறவர்களும் இல்லை. கொள்ளிடத்திலும் பழைய கொள்ளிடத்திலும் அதைத் தொட்டுப் போகிற வாய்க்கால்களிலும் முதலைகள் இருப்பது வதந்தி இல்லை. குளிக்க இறங்கியவர்கள், மாடு கழுவப் போனவர்கள் கடிபட்டிருக்கிறார்கள், உயிர் போனதும் உண்டு. ஊருக்குள் வந்துவிட்ட முதலையை வனத்துறை பிடித்தால் சிதம்பரம் பக்கத்து வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விடுவது வழக்கம், அதனால் அந்தக் குளத்தையும் உங்கள் நடைக்கான இடமாக நினைக்காதீர்கள்.

இது சதுப்பு நில முதலை. ஆறு, ஏரி, குளம், வாய்க்கால், எங்கே நன்னீர் தேங்கினாலும் வாழும். துரத்திப் போய் வேட்டையாடுவதை விட, கண்ணும் மூக்கு நுனியும் மட்டும் வெளியே தெரிய அசையாமல் கிடந்து, தண்ணீர் குடிக்க வருகிறதை ஒரே பாய்ச்சலில் பிடிப்பதுதான் அதன் வழி. கலங்கல் தண்ணீரில் முழுதாக மூழ்கிக் கிடந்தால் பக்கத்தில் நிற்கிற உங்களுக்கே தெரியாது. அப்படியிருக்க, நாய் என்ன செய்கிறது? தலையைக் குனிந்து நக்கிக் குடிக்கிறது, இல்லாவிட்டால் சளசளவென்று இறங்கி விளையாடுகிறது. இரண்டுமே முதலைக்கு அழைப்புத்தான். லாப்ரடார் தண்ணீரில் வேலை செய்யவே வளர்க்கப்பட்ட இனம், அவனுக்குத் தண்ணீர் ஆசை ரத்தத்திலேயே இருக்கிறது, அதட்டிச் சொன்னால் நின்றுவிடுவான் என்று நம்பி விடாதீர்கள்.

அதனால் முதல் காரியம் தூரம். ஆற்றுத் தண்ணீர் விளிம்பிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது முதலை உள்ள நாடுகளில் மனிதர்களுக்கே பொதுவாகச் சொல்லப்படுவது, நாய் கூட இருந்தால் அதை 10 மீட்டராக வைத்துக்கொள்ளச் சொல்வேன். கரை மேட்டுச் சாலையிலேயே நடங்கள். படித்துறை, மாடு இறங்குகிற இடம், மதகுக்குப் பக்கம், நாணலும் கோரையும் அடர்ந்த சரிவு, இங்கெல்லாம் இறங்கவே வேண்டாம். கோழிக்கடைக் கழிவைக் கொட்டுகிற இடங்கள் இதைவிட மோசம், வாசனைக்கு நாயும் போகும், முதலையும் வரும். சேற்றில் வயிற்றை இழுத்துப் போன அகலத் தடமும் நடுவே வால் கோடும் தெரிந்தால் அந்த இடத்தை விட்டு அப்போதே திரும்பிவிடுங்கள்.

கயிறு எப்படிப்பட்டது என்பதிலும் விஷயம் இருக்கிறது. ஒன்றரை, இரண்டு மீட்டர் நீளமுள்ள சாதாரண தட்டைக் கயிறு போதும். பட்டனை அழுத்தினால் நீண்டுகொண்டே போகிற வகை ஆற்றோரத்துக்கு ஆகவே ஆகாது, நீங்கள் நிறுத்துவதற்குள் நாய் தண்ணீரில் இருக்கும். கழுத்துப் பட்டையை விட, முதுகில் கைப்பிடி வைத்த ஹார்னஸ் நல்லது, ஒரே பிடியில் மேலே தூக்கிவிடலாம். இன்னொன்று, இதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை: கயிற்று வளையத்தை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள். உள்ளங்கையில் பிடியுங்கள். நாயை முதலை பிடித்து இழுத்தால் கயிற்றோடு நீங்களும் போகக் கூடாது. அப்படி ஒன்று நடந்தே விட்டால் உங்கள் மனது என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் தண்ணீரில் ஒரு அடி கூட வைக்காதீர்கள். பின்வாங்கி மேட்டுக்கு வாருங்கள், கத்தி ஆட்களைக் கூப்பிடுங்கள். நாய் தப்பித்து வந்துவிட்டால் கடிவாய் சின்ன ஓட்டைகளாகத் தெரிந்தாலும் ஏமாந்துவிடாதீர்கள். உள்ளே தசை நசுங்கியிருக்கும், எலும்பு உடைந்திருக்கலாம், முதலை வாயில் உள்ள கிருமிகள் காயத்தை வேகமாகச் சீழ் பிடிக்க வைக்கும். சுத்தமான துணியை அழுத்திப் பிடித்தபடி மருத்துவரிடம் நேராகப் போய்விட வேண்டும்.

காலம் பார்த்தும் நடக்க வேண்டும். மாசி, பங்குனி வாக்கில் பெண் முதலை கரை மண்ணில் குழி தோண்டி முட்டையிடும், கிட்டத்தட்ட இரண்டு மாதம் கழித்துக் குஞ்சு பொரியும், அதுவரைக்கும் அதற்குப் பிறகும் தாய் பக்கத்திலேயே காவல் இருக்கும். அந்த நேரத்தில் கரையில் மோப்பம் பிடித்து மண்ணைக் கிளறுகிற நாயை அது சும்மா விடாது. கோடையில் குட்டைகள் வற்றினால் தண்ணீர் தேடித் தரையில் நெடுந்தூரம் நடக்கும். மேட்டூர் நிரம்பிக் காவிரியின் உபரித் தண்ணீர் கொள்ளிடத்தில் திருப்பி விடப்படும்போதும், ஐப்பசி கார்த்திகை மழையிலும் கணக்கே மாறிவிடும், ஆற்றில் இருந்தது வாய்க்காலுக்கும் ஊர்க்குளத்துக்கும் வயலுக்கும் வந்து சேரலாம். வெள்ளம் வடிந்த பிறகு சில வாரங்களுக்கு, வழக்கமாக ஆபத்தில்லை என்று நினைக்கிற குளத்தங்கரையையும் விட்டுவிடுங்கள். அந்தப் பருவத்தில் எங்கே முதலை தென்பட்டது என்பதை மீன் பிடிக்கிறவர்களிடமும் ஆடு மேய்க்கிறவர்களிடமும் கேளுங்கள், அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. முதலையைப் பார்த்தால் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், கல்லெறிய வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு அது.

சரி, பாம்புக்கு வருவோம். ஆற்றோர நடையில் நாய்க்கு உண்மையில் முதலையை விட அடிக்கடி வருகிற ஆபத்து இதுதான். வரப்பு, கரும்புக் கொல்லை, வைக்கோல் போர், கருங்கல் அடுக்கிய கரை, இந்த மாதிரி இடங்களில் கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் இருக்கும், இரவானால் கட்டு விரியன் வெளியே வரும். நாய் மூக்கை விட்டுத்தான் எதையும் தெரிந்துகொள்ளும் என்பதால் கடி பெரும்பாலும் முகத்திலோ முன்னங்காலிலோ விழும். கண்ணாடி விரியன் கடித்தால் சீக்கிரமே வீங்கும், கடும் வலி இருக்கும், ரத்தம் உறையும் தன்மை கெட்டு ஈறிலிருந்தோ மூக்கிலிருந்தோ கசியலாம், சிறுநீர் சிவப்பாகப் போகலாம். நல்ல பாம்பென்றால் எச்சில் ஒழுகும், இமை சரியும், கால் தள்ளாடும், மூச்சு திணறும். கட்டு விரியன் கடித்த இடத்தில் வீக்கமே இல்லாமல் போகலாம், அதுதான் அதில் உள்ள ஏமாற்று.

கடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே செய்ய வேண்டியது: நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொள்ளுங்கள். முகத்திலோ கழுத்திலோ கடித்திருந்தால் பட்டையை உடனே கழற்றிவிடுங்கள், வீங்கும்போது அது கழுத்தை இறுக்கும். கயிற்றால் இறுகக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள், பச்சிலை, மிளகு என்று எதையும் வாயில் போடாதீர்கள். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கிற பாராசிட்டமாலோ டைக்ளோஃபெனாக்கோ கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அவை தனியாகவே கெடுதல். பாம்பைத் தேடிப் பிடிக்கவோ அடிக்கவோ நேரத்தை வீணாக்க வேண்டாம். நம் நாட்டில் கிடைக்கிற விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுவது, மனிதர்களுக்குப் போடுகிற அதே மருந்துதான் நாய்க்கும். அதற்கான விஷத்தில் பெரும்பங்கை 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் எடுத்துக் கொடுத்துவந்திருக்கிறது, நம் பகுதி நாய்கள் பிழைப்பதிலும் அந்த மக்களின் கைக்குப் பங்கு உண்டு.

மருந்தின் அளவு பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. குட்டி நாய்க்குக் குறைவாகப் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். உள்ளே போன விஷத்தைத்தான் முறிக்க வேண்டும், பாம்பு நாயின் எடையைப் பார்த்து விஷத்தைக் குறைத்துச் செலுத்துவதில்லை, அதனால் சின்ன நாய்க்குப் பெரிய நாய் அளவுக்கே தேவைப்படலாம், சில சமயம் கூடவும். செலவும் அதற்கேற்ப வரும், முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ரத்தம் உறைகிறதா என்று பார்க்க மருத்துவர் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வைப்பார், உறையாவிட்டால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்த 20 நிமிடத்துக்குப் பொறுமையாக இருங்கள், அது வீண் நேரமில்லை.

எல்லா நாய் மருத்துவமனைகளிலும் விஷமுறிவு மருந்து இருப்பு இருக்காது. மாமனார் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே சிதம்பரத்தில் ஒன்றிரண்டு இடங்களுக்குப் போன் செய்து, இருக்கிறதா, இரவில் யார் இருப்பார்கள் என்று கேட்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கடலூரிலிருந்தால் பாண்டிச்சேரி குரும்பாபட்டில் இருக்கிற ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியையும் நினைவில் வையுங்கள், மூச்சு நின்றுபோகிற நிலையில் உள்ள நாய்க்குப் பெரிய மருத்துவமனைதான் தேவை.

அப்புறம் சில்வர் பீச். அங்கே முதலை பயம் இல்லை, ஆனால் அவிழ்த்து விடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வலை உதறுகிற இடத்தில் வேண்டாத மீனை மணலிலேயே போட்டுவிட்டுப் போவார்கள், அதில் பேத்தை மீன் கிடக்கும். பலூன் போல உப்புகிற அந்த மீனின் ஈரலிலும் சினையிலும் தோலிலும் உள்ள விஷம் வேகவைத்தாலும் காய்ந்தாலும் போகாது, மாற்று மருந்தும் கிடையாது. தின்ற நாய் வாந்தி எடுக்கும், பின்னங்கால் தளரும், பிறகு மூச்சுத் தசையே வேலை செய்யாமல் போகும், செயற்கை மூச்சு கொடுத்துக் காப்பாற்ற வேண்டும். கண்டதை வாயில் போடுகிற நாய் என்றால் கூடை வடிவ வாய்மூடி வாங்கிப் பழக்குங்கள், அதைப் போட்டுக்கொண்டே நாக்கை நீட்டி இளைக்கலாம், தண்ணீரும் குடிக்கலாம்.

வலையோடு வந்து கரையில் கிடக்கிற கடல் பாம்பையும் நாய் நெருங்க விடக் கூடாது. வால் தட்டையாக இருப்பதை வைத்து அடையாளம் தெரியும். செத்தது போலக் கிடக்கும், தொட்டால் கடிக்கும், நான் மேலே சொன்ன விஷமுறிவு மருந்தில் இதற்குப் பதில் இல்லை. சொறி மீன் (ஜெல்லி மீன்) கரை ஒதுங்கிச் செத்த பிறகும் அதன் இழைகள் கொட்டும். பட்டுவிட்டால் கடல் தண்ணீராலேயே கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றினால் மிச்ச முட்களும் வெடிக்கும், மணல் போட்டுத் தேய்த்தாலும் அப்படியே. இழையை இடுக்கியால் எடுங்கள். தூண்டில் முள்ளை விழுங்கி, அதில் கட்டிய நைலான் நரம்பு வாயில் தொங்கினால் இழுக்காதீர்கள், அறுத்தும் விடாதீர்கள், அந்த நரம்பைப் பிடித்துத்தான் மருத்துவர் முள்ளைக் கண்டுபிடிப்பார்.

தை முதல் பங்குனி வரை நம் கடற்கரையில் பங்குனி ஆமை முட்டையிட வரும். அப்போது ஆபத்து நாயால் ஆமைக்கு. முட்டைக் குழியை ஒரு நாய் தோண்டினால் நூறு முட்டைக்கு மேல் போய்விடும். அந்த மாதங்களிலாவது கயிற்றை அவிழ்க்கவே அவிழ்க்காதீர்கள், இதை உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன்.

நேரம் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். விடியற்காலையும் அந்தியும் நாய்க்குச் சுகமான நேரம், பாம்புக்கும் முதலைக்கும் அதேதான். அந்த நேர நடையைத் தெருவிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கரை மேட்டுக்குப் போவதானால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, மண் சுடுவதற்கு முன்பு, ஏழரைக்குப் போய் எட்டரைக்குள் திரும்பிவிடுங்கள். தினமும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கரையை நெருங்குவது வேண்டாம், முதலைக்கு வழக்கம் புரியும். கிளம்பும் முன் வயிறு நிறையத் தண்ணீர் கொடுங்கள், ஒரு பாட்டிலும் மடக்குக் கிண்ணமும் எடுத்துப் போய் பாதி வழியில் இன்னொரு தடவை கொடுங்கள். தாகம் இல்லாத நாயைக் கரையிலிருந்து தள்ளி வைப்பது பாதிச் சுலபம். தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கும், மழைக்காலத்துக்கு முன்பு அந்தத் தடுப்பூசி வருடா வருடம் போட்டிருக்கிறீர்களா என்று அட்டையைப் பாருங்கள்.

நீந்தியே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால் மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் முழங்கால் அளவு தண்ணீர் நிரப்பி, வெயில் இறங்கிய பிறகு பந்தைப் போட்டு விடுங்கள். மாமனார் ஊரில் என்றால் வயல் பம்ப் செட் தொட்டி போதும், ஆனால் வாய்க்காலோடு சேர்ந்த தொட்டியா என்று மாமாவிடம் கேட்டுவிட்டு இறக்குங்கள்.