வேலையை விடச் சொன்ன தீர்க்கதரிசனம்

சகோதரி, ஜெபக் கூட்டத்தில் ஒருவர் "வேலையை விட்டுவிடு என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்றதும் ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அதை இப்போது கொடுக்காதீர்கள். சந்தேகப்பட்டால் பாவமாகிவிடுமோ என்று பயப்படவும் வேண்டாம். தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதிருக்கச் சொன்ன பவுலே, அடுத்த வசனத்தில் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார் (1 தெசலோனிக்கேயர் 5:20, 21).

1 இராஜாக்கள் 13-ஐ வாசியுங்கள். அங்கே அப்பம் புசிக்காதே என்று கர்த்தரிடமிருந்தே கட்டளை பெற்றவன், "தூதன் சொன்னான்" என்ற கிழவரை நம்பிப் பந்தியில் உட்கார்ந்தான். திரும்பும் வழியில் சிங்கம் கொன்றது. பொய் சொன்ன அந்தக் கிழவரும் தீர்க்கதரிசிதான்!

ஜெபக் கூட்டத்தில் பேசியவர் உங்கள் கடனைச் சரியாகச் சொன்னாரே என்கிறீர்கள். அடையாளம் பலிப்பது மட்டும் சான்றாகாது (உபாகமம் 13). சபை மூப்பர்கள் முன் இதையே சொல்வாரா என்று கேளுங்கள். காணிக்கை கேட்டால் கடிதத்தைக் கிழித்துப்போடுங்கள்.