பத்து சதவிகிதம் பிடித்த பிறகும் வரியா?

கேள்வி: கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். 2025-26 நிதியாண்டில் என் மொத்தச் சம்பளம் 12.60 லட்சம் ரூபாய். புதிய வரி முறையில் இருப்பதால் அலுவலகத்தில் ஒரு ரூபாய்கூட வரி பிடிக்கவில்லை. இரவிலும் வார இறுதியிலும் வெளியாருக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்ததில் 6 லட்சம் வந்தது. இதில் 4 லட்சம் சென்னை நிறுவனம் ஒன்றின் வேலை. அவர்கள் 10% டி.டி.எஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்துக்கொண்டு 3.60 லட்சம் அனுப்பினார்கள். மீதி 2 லட்சம் சிங்கப்பூரிலிருந்து பிடித்தம் இல்லாமல் வந்தது. சம்பளத்துக்கு வரி கிடையாது, வெளிநாட்டுப் பணத்துக்கும் கிடையாது, ஐ.டி.ஆர்-1 என்ற வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்து பிடித்த 40,000 ரூபாயைத் திரும்ப வாங்கிவிடலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?
- வாசகர், கோவை

பதில்: செய்யாதீர்கள். 40,000 திரும்ப வராது. இன்னும் 66,860 ரூபாய் நீங்கள்தான் கட்ட வேண்டும். எப்படி என்று சொல்கிறேன்.

சம்பளத்துக்கு ஒரு வரி, ஃப்ரீலான்ஸுக்கு ஒரு வரி என்று சட்டத்தில் இரண்டு உண்டியல் கிடையாது. இரண்டையும் ஒன்றாகக் கொட்டித்தான் எண்ணுவார்கள். உங்கள் சம்பளத்தில் நிலையான கழிவு 75,000 போனால் 11.85 லட்சம். மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு வரித் தள்ளுபடி உண்டு. அதனால்தான் அலுவலகத்தில் பிடித்தம் பூஜ்யம். சம்பளத்துக்கு வரியே இல்லை என்பதல்ல இதற்குப் பொருள். வரி இருக்கிறது, தள்ளுபடியும் இருக்கிறது. ஃப்ரீலான்ஸ் பணம் மேலே ஏறி உட்கார்ந்தவுடன் அந்தத் தள்ளுபடி பறிபோகிறது.

இனி ஃப்ரீலான்ஸ் பக்கம். தகவல் தொழில்நுட்பம் போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு 44ஏ.டி.ஏ என்ற பிரிவு இருக்கிறது. வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். கணக்குப் புத்தகம் வேண்டாம், தணிக்கை வேண்டாம். உங்கள் 6 லட்சம் 3 லட்சமாகிவிடும். ஆனால் ஒன்று, மடிக்கணினி வாங்கினேன், இணையக் கட்டணம் கட்டினேன் என்று அதற்குப் பிறகு தனியாகக் கழிக்க முடியாது. எல்லாச் செலவும் அந்தப் பாதிக்குள் அடக்கம்.

மொத்தம் 14.85 லட்சம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5%, அதாவது 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10%, 40,000. மிச்சம் 2.85 லட்சத்துக்கு 15%, 42,750. கூட்டினால் 1,02,750, 4% செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்தால் 1,06,860. சென்னை நிறுவனம் பிடித்த 40,000 போக, பாக்கி 66,860. இந்த 1,06,860-இல் 60,840 ரூபாய் உங்கள் சம்பளத்துக்கான வரி. ஃப்ரீலான்ஸ் வராமல் இருந்திருந்தால் முழுதும் தள்ளுபடியாகியிருக்கும். டி.டி.எஸ் வெறும் முன்பணம்தான். பிடிப்பவருக்கு உங்கள் சம்பளம் எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

உங்களைவிடக் குறைவாக வெளி வேலை செய்கிறவர்களின் கதை இன்னும் வேடிக்கை. இதே சம்பளத்தோடு 1.20 லட்சத்துக்கு மட்டும் வேலை செய்தவருக்கு, பாதி 60,000 சேர்ந்து மொத்தம் 12.45 லட்சம். 12 லட்சத்தைச் சற்றே தாண்டியவர்களிடம், தாண்டிய தொகைக்கு மேல் வரி வாங்கக் கூடாது என்று ஒரு சலுகை இருக்கிறது. அந்தச் சலுகைக்குப் பிறகும் 45,000-மும் செஸ்ஸும் சேர்ந்து 46,800 கட்ட வேண்டும். தூக்கத்தைக் கெடுத்துச் சம்பாதித்த 1.20 லட்சத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது! அந்த எல்லையில் நிற்பவர்கள் வெளி வேலையை ஒப்புக்கொள்ளும் முன் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

சிங்கப்பூர் பணத்தைப் பற்றி நண்பர் சொன்னது தவறு. இந்தியாவில் வசிப்பவருக்கு உலகத்தில் எங்கிருந்து வந்தாலும் வருமானம் வருமானம்தான். பிடித்தம் இல்லை என்பதற்கும் வரி இல்லை என்பதற்கும் தூரம் அதிகம். அந்த 2 லட்சத்தையும் மேலே கணக்கில் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறேன். பணம் வந்ததற்கான வங்கிச் சான்றையும் பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள்.

ஐ.டி.ஆர்-1 பேச்சே வேண்டாம். தொழில் வருமானம் உள்ளவர்களுக்கு அது இல்லை. உங்களுக்கு ஐ.டி.ஆர்-4, சுகம் எனப்படுவது. வெளிநாட்டு நிறுவனப் பங்குகள் ஏதாவது கையில் இருந்தால் அதுவும் போதாது, ஐ.டி.ஆர்-3 போட வேண்டும். உங்கள் துறையில் இது நிறையப் பேருக்கு இருக்கும் என்பதால் கேட்டுவைக்கிறேன். சென்னை நிறுவனத்திடம் ஃபார்ம் 16ஏ (டி.டி.எஸ் சான்றிதழ்) வாங்கி, 40,000 உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரி இணையதளத்தில் உள்ள 26ஏ.எஸ் என்ற வரி அறிக்கையில் பாருங்கள். தாக்கல் செய்யாமல் மறைக்கலாம் என்ற யோசனை வந்தால், அதே தகவல் வருமான வரித் துறையிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வட்டியும் உண்டு. டி.டி.எஸ் போகப் பாக்கி வரி 10,000 அல்லது அதற்கு மேல் இருந்தால் அட்வான்ஸ் டாக்ஸ் (ஆண்டு முடியும் முன்பே கட்டும் வரி) கட்டியிருக்க வேண்டும். 44ஏ.டி.ஏ-வில் வருபவர்கள் நான்கு தவணையாகக் கட்ட வேண்டியதில்லை. மார்ச் 15-க்குள் ஒரே தடவையாகக் கட்டினால் போதும். அதை நீங்கள் தவறவிட்டுவிட்டீர்கள். அதற்காக ஒரு தடவை 1%, பிறகு ஏப்ரலிலிருந்து கட்டும் மாதம்வரை மாதம் 1%. ஜூலையில் கட்டினால் மொத்தம் சுமார் 3,340 ரூபாய் ஆகும். இன்றே கட்டினால் குறையும்.

ஜி.எஸ்.டி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது பயமுறுத்துவார்கள். சேவைக்கு எல்லை 20 லட்சம். அதில் சம்பளம் சேராது. உங்களுக்கு இப்போதைக்கு இல்லை.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு வழிகள். வெளி வருமானத்தை அலுவலகத்தில் தெரிவித்தால் அவர்களே சம்பளத்தில் கூடுதலாகப் பிடிப்பார்கள். சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் நியமனக் கடிதத்தில் வெளி வேலை கூடாது என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் படியுங்கள். நானாக இருந்தால் மூச்சு விடாமல் மார்ச் மாதத்தில் நேரடியாகக் கட்டிவிடுவேன். இன்னொன்று, நிறுவனம் தன் பங்காக என்.பி.எஸ்-இல் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) செலுத்தும் தொகை: அடிப்படைச் சம்பளத்தில் 14% வரை புதிய வரி முறையிலும் கழிவு கிடைக்கும். சம்பள அமைப்பை மாற்றித் தருவார்களா என்று மனிதவளத் துறையிடம் கேட்டுப் பாருங்கள்.

பழைய வரி முறைக்குப் போகலாமா என்ற ஆசை வந்தால் நிதானம் தேவை. சம்பளம் மட்டும் உள்ளவர் ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் வந்துவிட்டால், ஃபார்ம் 10-ஐ.இ.ஏ கொடுத்துப் பழையதற்குப் போய்விட்டுப் புதியதற்கு ஒரே ஒரு தடவைதான் திரும்ப முடியும். அந்தத் தொழில் வருமானம் தொடரும்வரை மறுபடி பழையதற்குக் கதவு திறக்காது. வீட்டுக் கடன், வீட்டு வாடகை எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை. இருந்தால் எழுதுங்கள், ஒப்பிட்டுச் சொல்கிறேன்.