'யுனிவர்சிட்டி'க்கு முன் 'ஆன்' ஏன் வராது?

உங்கள் ஆங்கிலக் கடிதத்தில் 'ஆன் யுனிவர்சிட்டி' என்று நீங்கள் எழுதியதை 'எ யுனிவர்சிட்டி' என்று திருத்தியது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். 'எ யுனிவர்சிட்டி' என்பதே சரி. உங்கள் கடிதத்தைத் திருத்தியவர், மணி நேரத்தைக் குறிக்கும் 'ஆன் அவர்' என்பதை அப்படியே விட்டதும் சரிதான்.

'யு' ஆங்கில உயிரெழுத்து என்பதால் 'ஆன்' போட்டிருப்பீர்கள். பார்க்க வேண்டியது எழுத்தை அன்று, ஒலியை. நம் 'ஓர் ஊர்', 'ஒரு வீடு' போலத்தான்.

சந்தேகம் வந்தால் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். 'அவர்' உயிரில் தொடங்குகிறது, எனவே 'ஆன்'. 'யுனிவர்சிட்டி'யின் முதலெழுத்து உயிர்மெய், எனவே 'எ'. 'எம்.எல்.ஏ.'வுக்கு 'ஆன்' வருவதும் இதனால்தான். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. பெரும்பாலும் நம் எழுத்தே விடையைக் காட்டிவிடும்.

'ஒன்வே டிக்கெட்'டில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். நாம் 'ஒ' போட்டு எழுதினாலும் ஆங்கில உச்சரிப்பு 'வன்'. அங்கே 'எ'தான் வரும்.