தொலைவிலிருந்து செய்யும் காது பரிசோதனையை நம்பலாமா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: 8 மாதக் குழந்தைக்கு, நகரத்திலிருக்கும் நிபுணர் இணையம் வழியாகச் செய்யும் செவித்திறன் பரிசோதனை சரியாக இருக்குமா?

இருக்கும். கருவி குழந்தையின் அருகில்தான் இருக்கிறது. பயிற்சி பெற்ற பணியாளர் நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னாலும் சிறு மின்முனைகளை ஒட்டுவார். காதில் ‘டிக் டிக்’ ஒலி போகும்போது செவிநரம்பு எழுப்பும் அலைகள் திரையில் கோடுகளாகத் தெரியும். அந்தத் திரையைத்தான் நிபுணர் அங்கிருந்து இயக்கிப் படிக்கிறார்.

“தொட்டுப் பார்க்காத டாக்டருக்கு என்ன தெரியும்?” என்று என் மாமியாரும் கேட்டார். என் மகன் பால் குடித்துவிட்டு அவர் மடியிலேயே உறங்கினான். அந்த உறக்கத்திலேயே பரிசோதனை முடிந்தது. பாலக்காட்டுக்குப் பஸ்ஸில் போயிருந்தால் விழித்து அழுதிருப்பான். குழந்தை அசைந்தால் அலைகள் தெளிவாக வராது. ஒரு நாள் கூலியும் மிச்சம்.

காதில் அழுக்கோ நீரோ இருந்தால் நேரில் காட்டத்தான் வேண்டும்.

கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிறான் என்று தள்ளிப்போடாதீர்கள். ஓரளவு கேட்கும் குழந்தையும் திரும்பும். 1 மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பதே நிபுணர்கள் சொல்லும் கெடு. தயவுசெய்து இந்த வாரமே செய்துவிடுங்கள்.